தூக்கம் கெட்ட கூண்டு

முதல் கூண்டில் ஓர் எலி இன்னொன்றின் காதைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. மூன்றாவது எலி கழுத்து கிழிந்து செத்துக் கிடந்தது. பக்கத்துக் கூண்டில் சத்தமே இல்லை.

பார்வையிட வந்த ஆய்வுக் குழுத் தலைவியிடம் முதல் கூண்டைக் காட்டிப் பேராசிரியர் மார்தட்டினார். "பாத்தீங்களா மேடம்? ஒரு வாரம் தூங்க விடல. ரத்தத்துல மன அழுத்த ஹார்மோன் நாலு மடங்கு! உலகமே என்னைத் திரும்பிப் பாக்கப் போகுது."

"ஐயா, அந்தக் கூண்டு..." என்று இழுத்தான் உதவியாளன்.

"வாயை மூடுடா, தண்டம்!"

அவர் வீசிய தடித்த கோப்பு அவன் நெற்றியைப் பிளந்தது. அவனுடைய முனைவர் பட்டத்துக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வருஷமாகப் போடவில்லை. இன்று வாயைத் திறந்தால் இனி எப்போதுமே போட மாட்டார்.

தலைவி கைக்குட்டையை நீட்டினார். "நீங்க சொல்லுங்க தம்பி. இதுங்கள எப்படித் தூங்க விடாம வெச்சீங்க?"

ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதும் பட்டம் கசந்துபோயிற்று.

"நான் தட்டித் தட்டி எழுப்புனது பக்கத்துக் கூண்டும்மா. அதுங்க சோர்ந்து கெடக்குது. இது, ஒப்பிட்டுப் பாக்க நல்லாத் தூங்க விட்ட கூண்டு."

"அப்புறம் ஏன் இந்த வெறி?"

"ஏ.சி. இருக்கேன்னு ஐயா ரூம்ல வெச்சேன். ஏழு நாள் அவர்கூட இருந்துச்சுங்க. நான் ஏழு வருஷமா இருக்கேன்" என்றவன், மேசையிலிருந்த இரும்பு ஸ்டாண்டைத் தூக்கினான்.

தலைவி தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி வழிவிட்டார்.