ஐந்தாவது கூண்டின் அட்டை

இணைசேர்ந்த ஐந்து பெண் எலிகளுக்குத் தினமும் காலையில் வலி மருந்து புகட்டுவது அவள் வேலை. அந்த மருந்து கருப்பையில் கரு ஒட்டவிடாமல் செய்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்கள். கூண்டின் அட்டையில் எழுதியிருப்பதைத்தான் செய்ய வேண்டும்; மறுபேச்சில்லை.

முதல் நாள் அவள் கதவைத் திறந்தபோதே ஐந்தாவது கூண்டின் அட்டையில் 'இன்று வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து. அவள் எழுதவில்லை. மறுநாளும் எழுதியிருந்தது. எட்டு நாளும் அப்படியே; ஐந்தாவதுக்கு மட்டும் அவள் மருந்து புகட்டவில்லை.

"இதை யாரு எழுதறாங்கக்கா?" என்று கூட வேலை செய்யும் அக்காவிடம் கேட்டாள்.

"நீயே எழுதிட்டு என்னைக் கேக்கறியா? நல்லா இருக்குடி கதை!"

ஒன்பதாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு எலிகளின் வயிற்றில் ஒன்றுமில்லை. ஐந்தாவதன் வயிற்றில் பதினொரு கருக்கள்.

குனிந்து குனிந்து கூண்டு கழுவியதில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கல்யாணமாகி ஆறு வருடம். இந்த மாதமாவது தங்காதா என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். வழக்கமாகப் போடும் அதே வலி மருந்தின் மாத்திரைக்காகக் கைப்பையைத் திறந்தாள். மாத்திரைப் பட்டையின் பின்பக்கம் அதே கையெழுத்தில் 'இன்று வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

அவள் தண்ணீரை மட்டும் குடித்தாள்.

மறுநாளும் எழுதியிருந்தது.