நன்னாரி போட்ட ஜின்

புதினா இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

இடிக்கக் கூடாது. இடித்தால் கசந்துபோகும். தட்டினால் போதும், வாசனை தானாக எழுந்து வரும். செல்போனில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தது.

வந்தது.

வெள்ளரிக்காயை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் ஒட்டினாள். ஐஸ். எலுமிச்சம்பழச் சாறு. நன்னாரி சர்பத். மேலே ஊற்றச் சோடா தயாராக இருந்தது.

மிச்சம் அந்த நீலப் பாட்டில்தான்.

ஜின் என்ற சொல்லே அவளுக்குப் புதிது. போன மாதம் கற்றுக்கொண்டது. பிராந்திக் கடைக்கும் அவளேதான் போனாள். குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனாள். புதுச்சேரி வெயிலுக்குப் பயந்த அம்மா என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்.

போன கோடையில் அவள் மகன் ரெமியும், அவன் சிநேகிதன் ஜெரால்டும் குடித்துவிட்டு ஒரே வண்டியில் புறப்பட்டார்கள்.

ரெமி மட்டும் திரும்பி வந்தான். காலில் கம்பியோடு.

கால் ஆறியது. வண்டியைச் சரிசெய்தான். முன்னைவிட அதிகமாகக் குடித்தான். குடித்துவிட்டு, அதே வண்டியில், அதே வேகத்தில் வந்தான்.

அவள் அழுது பார்த்தாள். முழந்தாளிட்டுக் கெஞ்சினாள். மாதா கோயிலிலிருந்து சாமியாரைக் கூட்டிவந்து பேச வைத்தாள். சாமியாருக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு, அவர் செருப்பை மாட்டுவதற்குள் இவன் சாவியை எடுத்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் இந்த யோசனை.

வீட்டிலேயே குடிக்கட்டும். குடித்துவிட்டு அங்கேயே விழுந்து கிடக்கட்டும். வண்டியைத் தொடாமல் இருந்தால் போதும்.

முதல் நாள் தம்ளரைப் பார்த்துவிட்டு, பார் நடத்த லைசென்ஸ் எடுத்தாச்சா என்று கேட்டான். வெள்ளரித் துண்டைத் தூக்கிப் பிடித்து, இது குடிக்கவா இல்லை முகத்தில் போட்டுக்கொள்ளவா என்றான்.

சிரித்தான்.

எத்தனை மாதம் கழித்து. அவளும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அன்று அவன் வெளியே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சாயங்காலமானால் மொட்டை மாடியில் பாயை விரித்து, தம்ளரோடு உட்கார்ந்தான். கீழே சுவர் ஓரமாக அந்த வண்டி தூசி படிந்து நின்றது. அந்தத் தூசியைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

இன்றைக்குக் குளித்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டான்.

போனில் யாரிடமோ பேசினான். வீட்டில் ஒரு ரவுண்டு போட்டுவிட்டுக் கிளம்பிவருகிறேன் என்றான்.

அடுப்படியில் நின்ற அவளுக்கு அது கேட்டது.

இருமல் மருந்துப் பாட்டிலின் மூடிதான் அவள் அளவு. வழக்கம்போல இரண்டு மூடி ஊற்றினாள்.

மூடியைக் கீழே வைத்தாள்.

பாட்டிலை அப்படியே சாய்த்தாள்.

நன்னாரி எதையும் மறைத்துவிடும். தூங்கிவிடுவான். மாதாவே, இவன் தூங்கிவிட வேண்டும்.

நின்றபடியே குடித்தான். இன்னொன்று கேட்டான். அதையும் அப்படியே கலந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஓடிப்போய்க் கூடத்திலேயே பாயை விரித்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள்.

அவன் பாயைப் பார்க்கக்கூட இல்லை. இன்றைக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். குனிந்து அவள் உச்சியில் முத்தம் கொடுத்தான். நிமிரும்போது தடுமாறினான்.

சாவியை எடுத்துக்கொண்டான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இத்தனை நாளும், இவனுக்கு ஊற்றிக் கொடுத்தவர்களை எல்லாம் அவள் சபித்திருக்கிறாள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சபித்திருக்கிறாள்.

இன்றைக்கு ஊற்றிய கை இது.

வாசற்படியில் அவனுக்கு ஒரு படி தப்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். எதிர்வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கேட்டை மறித்து நின்றால் தள்ளிவிட்டுப் போவான். முன்பு ஒருமுறை தள்ளியிருக்கிறான். தெருவைக் கூப்பிடலாம். தெரு வருவதற்குள் அவன் முனை திரும்பியிருப்பான்.

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். புடவையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து, அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

இந்த வண்டியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"எங்கம்மா வர்ற?"

"நீ போற எடத்துக்குத்தான்டா."

இறங்கச் சொன்னான். கத்தினான். எதிர்வீட்டில் பார்க்கிறார்கள் என்றான். பிறகு குரல் இறங்கி, ப்ளீஸ்மா, ப்ளீஸ்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கவில்லை. ஒரு கையால் சீட்டைப் பிடித்தாள். இன்னொரு கையை அவன் தோளில் வைத்தாள்.

தோள் அதிர்ந்தது.

வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

முகத்தில் காற்று வரவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

சாவி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.