கடைசி வரிசைக்காரர்

"எங்க ஒடம்பு என்ன, உங்க கம்ப்யூட்டருக்கு விளையாட்டுச் சாமானா?"

கடைசி வரிசையில் எழுந்து நின்ற சுகுமாறனை பெர்மாஸ் ஜெயா மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேடையில் ஆராய்ச்சியாளர் ஷாமளா. அவருக்குப் பின்னால் திரையில் டிங்கிக் காய்ச்சல் கிருமியின் மேலுறைப் புரதம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

"அப்படி இல்லீங்க..." அடுத்த வார்த்தை வர ஷாமளாவுக்கு ஒரு நொடி பிடித்தது. "...சார். இந்தப் புரதம் ஆடிக்கிட்டே இருக்கும். ஆடும்போது எந்த இடம் வெளியே தெரியுதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தோம். அந்த இடத்தை நம்ம ஒடம்புக்கு அடையாளம் காட்டத்தான் இந்தத் தடுப்பூசி."

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதா?"

ஷாமளா கண்ணாலேயே போதும் என்றார். சுகுமாறன் உட்காரவில்லை.

"பண்ணும். அது காட்டுன வடிவங்கள்ல பாதிக்கு மேல ஆய்வுக்கூடத்துலயே தோத்துப்போச்சு. தேறுனதை எலிக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் இங்க வந்திருக்கோம்."

"எலிக்கு ஒத்துக்கிட்டா எனக்கு ஒத்துக்குமா? ஏதாச்சும் ஆயிட்டா?"

ஷாமளா கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

"தெரியாது. கை வலிக்கலாம், காய்ச்சல் வரலாம். வேற என்ன வரும்னு பார்க்கத்தான் இந்தச் சோதனையே. டாக்டருங்க கூடவே இருந்து கவனிப்பாங்க. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

முன்வரிசையில் ராசம்மா எழுந்தார். போன மாதம்தான் அவர் மகன் டிங்கியில் படுத்துப் பிழைத்திருந்தான்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது இந்தப் பொண்ணு. என் பேரை எழுதிக்கோங்க லா."

அவர் பின்னால் வரிசை நீண்டது. ஷாமளாவுக்குக் கண் கலங்கியது. இதற்கு முன் சிகாமட் ஊரில் நடந்த கூட்டத்தில் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, பேர் கொடுக்காமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பிப் போயிருந்தார்கள். இங்கும் ஆள் சேரவில்லை என்றால் ஆய்வையே மூடியிருப்பார்கள்.

காரில் ஏறியதும் ஷாமளா தன் கணவர் சுகுமாறனின் தோளில் செல்லமாக ஒரு குத்து விட்டார்.

"ஜனங்க வாயைத் திறக்கட்டும்னு ஒரே ஒரு கேள்விதானே கேக்கச் சொன்னேன்? அலமாக், என்னா நடிப்பு!"

சுகுமாறன் சாவியைத் திருகினார்.

"நடிப்பா? வீட்டுல கேட்டா நீ எங்க பதில் சொல்ற!"