விதி நான்கு

அணைப் பொறியாளர்களின் மின்னஞ்சல் குழுவுக்குக் குலோத்துங்கன்தான் காவல். அவர் பார்த்து விட்டால்தான் எந்த மடலும் மற்றவர்களுக்குப் போகும். பழைய மடலுக்குப் பதில் போடுவதுபோல் திறந்து, தலைப்பை அழித்துவிட்டு வேறு சங்கதி எழுதுவது அங்கே குற்றம். அன்று காலை மேலணையிலிருந்து இருதயராஜ், யாரோ ஒருவரின் பணி ஓய்வு விருந்து மடலுக்கடியில் எதையோ எழுதியிருந்தான். குலோத்துங்கன் படிக்கவில்லை. 'விதி நான்கு. புது மடலாக அனுப்பவும்' என்று திருப்பிவிட்டார்.

"புதுப் பையன், பாவம் சார்" என்றாள் பக்கத்து மேசை மெகராஜ்.

"ரெண்டு தடவை திருப்பிவிட்டா தன்னால கத்துக்குவாம்மா."

மதியம்வரை புது மடல் வரவில்லை. ஏதோ உறுத்த, திருப்பியதைத் திறந்து பார்த்தார். 'மூன்றாம் மதகில் விரிசல். என் கை நுழைகிறது. கரையோர மக்களை உடனே அப்புறப்படுத்தவும்.' இருதயராஜைக் கூப்பிட்டார்; போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

டீ கொண்டுவந்த செல்லக்கிளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சித்திரை மாசத்துல நம்ம ஆத்துல தண்ணி வருது சார். சனமெல்லாம் புள்ளைகளத் தூக்கிட்டுக் குளிக்க எறங்கிருச்சு."