வில் தட்டும் சத்தம்

புடாபெஸ்டில், விண்கலத் திகில்படம் ஒன்றுக்கு இசையைத் தேர்ந்தெடுக்க பிரோஷ்காவும் எண்ட்ரேவும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக வந்த இசைக்குழுப் பதிவு முழுக்கக் கணினியில் செய்தது. ஒருவர்கூட வாசிக்கவில்லை.

"பிரமாதமா இருக்கு," என்றாள் பிரோஷ்கா.

ஒலிபெருக்கியில் டக்டக்கென்று கேட்டது. வயலின்காரர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக, வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

எண்ட்ரே சிரித்தான். "கணினிக்கும் மரியாதை கத்துக் குடுத்திருக்கான், பாரு."

பிரோஷ்கா திரையைப் பார்த்தாள். பதிவு எப்போதோ முடிந்து நின்றிருந்தது.

"என்ன இருந்தாலும் பயமே வரலையே. இது வேணாம், ஒதுக்கிடு," என்றான் அவன்.

தட்டுவது நின்றது. ஒலிபெருக்கிக்குள் நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. ஒரு பெரிய கூட்டம் எழுந்துகொண்டிருந்தது.

கடைசி நாற்காலி நகர்ந்த சத்தம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.