சரிவு மாறிய கரண்டிகள்

"உங்க அப்பா நான் சாப்பிடறதையே ஏன் அப்படிப் பார்க்கறாரு?"

கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான். "அவர் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பாரு" என்று கணவனும் வழக்கம்போல மழுப்பினான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அப்பா மரத்தில் கிண்ணமும் தட்டும் கரண்டியும் செய்கிறவர். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே. சாயங்கால வெயில் உள்ளே வந்தால், மிதக்கும் மரத்தூளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம் போலிருக்கும். எதைச் செய்தாலும் வீட்டார் அதில் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார். அதனால் மேசையில் உட்கார்ந்ததும் அவர் கண் மற்றவர்களின் கைக்குத்தான் போகும். தொழில் புத்தி, வேறென்ன.

ஆனால் மருமகளிடம் அந்தக் கண் ரொம்ப நேரம் தங்கிவிடும். அவளோ இடது கையை மடியில் அழுத்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறவள். சூப் வேறு சிந்தும். அவர் பார்ப்பது தெரிந்தால் இன்னும் சிந்தும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அறைக்குள் அழுத நாளும் உண்டு.

"தனியா போயிடலாம். இன்னிக்கு சாப்பிடும்போது நானே சொல்லிடறேன்" என்றாள்.

அவனுக்குப் பெற்றவர்களை விட்டுப் போக மனசு வராது. இவள் அழுவதைப் பார்க்கவும் முடியாது. பாவம், என்ன செய்வான்?

மேசையில் எல்லோருக்கும் புதுக் கரண்டிகள். சூப்பின் ஆவி ஜன்னல் வெளிச்சத்தில் சோம்பலாக ஏறிக்கொண்டிருந்தது. மருமகள் சொல்ல வந்ததைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டாள். அதற்குள் மாமியார் மடியெல்லாம் சூப். கணவனின் சட்டையிலும்தான்.

அவர் செய்யும் கரண்டிகளின் நுனி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். மணிக்கட்டைத் திருப்பாமலே வாய்க்குப் போகும். அதற்காகவே ஜனங்கள் தேடி வந்து வாங்குவார்கள். இன்று அத்தனை கரண்டியிலும் சரிவு எதிர்ப்பக்கம் இருந்தது.

"கண்ணை எங்க வெச்சுக்கிட்டு செதுக்கினீங்க?" என்று மாமியார் பிடித்துக்கொண்டார். நாளைக்கே கண் டாக்டரிடம் போகலாம் என்றான் மகன். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பழைய கரண்டிகளையாவது எடுங்கள் என்றதற்கு, அவற்றைக் காலையிலேயே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மாமியாருக்கு வந்ததே கோபம்.

இந்தக் களேபரத்தில் மருமகளை யாரும் கவனிக்கவில்லை. மடியில் கிடந்த இடது கை தானாகவே மேலே வந்து கரண்டியை எடுத்தது. ஒரு வாய், இன்னொரு வாய். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எத்தனை சுகமாக இருந்தது! அப்புறம்தான் சின்ன வயதில் அந்தக் கைக்கு விழுந்த அடிகள் நினைவுக்கு வந்தன. பதறிப்போய்க் கரண்டியைக் கீழே வைக்கப் போனாள்.

மாமனார் தன் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பழகாத கை. வாய்க்குப் போனதைவிடத் தாடியில் வழிந்ததுதான் அதிகம். அதைத் துடைக்காமலே அவளைப் பார்த்தார்.

"கீழ வெச்சிடாதம்மா. நீ எப்படிப் பிடிக்கறேன்னு எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு."