தொண்ணூற்றைந்துக்குப் பிந்தியவை

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பழைய விளையாட்டுக் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்து முடிக்க ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். தொண்ணூற்றைந்தாம் வருடத்துக்குப் பிறகு செய்த ஒரு திருகாணிகூட அதற்குள் இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ஞாயிறு மாலை சுவிட்சைப் போட்டார். திரை இருண்டே கிடந்தது. சலித்துப்போய் செல்போனைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தார். திரையில் முதல் வரி வந்திருந்தது. புது விளக்கைக் கழற்றிக் குண்டு பல்பை மாட்டியதும் இரண்டாவது வரி வந்தது. போன வருடம் வாங்கிய நாற்காலியை வெளியே போட்டதும் மூன்றாவது.

மனைவி தேநீரோடு உள்ளே வந்தாள். திரை அணைந்தது.

"நம்ம கல்யாணம் எந்த வருஷம்?"

"தொண்ணூத்தெட்டு. ஏன், எனக்கு வாரன்ட்டி முடிஞ்சிடுச்சா?"

"கொஞ்சம் வெளிய இரும்மா."

"ரொம்ப நல்லாயிருக்கு, பொட்டிக்காக பொண்டாட்டிய துரத்துறது."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். விளையாட்டு தொடங்கியது.

நின்றபடியே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினார். கதவு மூடியிருந்தது. அது, இந்த அறையில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த காலத்துக் கதவு. மகள் பிறந்ததும் அவரே பெயர்த்தெடுத்து விறகுக்குக் கொடுத்தது. அதற்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தாழ்ப்பாள் வெளியே இருந்தது.

தட்டினார். மகளைக் கூப்பிட்டார். கணினியை அணைக்கப் பார்த்தார். அது அணையவில்லை.

மனைவியின் குரல் அறைக்குள்ளேயே, அவர் தோளருகே கேட்டது.

"அப்பா கடைக்குப் போயிருப்பாருடி. ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு லைட்டு, அணைச்சிட்டு வா."

பல்பு அணைந்தது.